இடமறிந்து வென்ற மாவீரர் சிவாஜி

தன்னினும் வலிமை மிக்க ஒருவன் சீறி எழுந்து வரும்போது சிறியவன் என் செய்வான்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் மராட்டிய மன்னர் சத்திரபதி சிவாஜி.

1630ஆம் ஆண்டில் சிவநேரிக் கோட்டையில் சிவாஜி பிறந்தார். தந்தை சாஜி பீஜப்பூர் அரசின் படைத்தலைவராகத் தொலைவில் பணியாற்றியமையால், தாய் ஜீஜாபாயே மகனைப் பேணி வளர்த்தார். வாட்போரும் குதிரையேற்றமும் பயின்ற சிவாஜி, சகியாத்திரி மலையின் இடுக்குவழிகளையும் நன்கறிந்தார். இளமையிலேயே கோட்டைகள் பலவற்றைக் கைப்பற்றினார்.

அவரை அடக்க, 1659இல் பீஜப்பூர் அரசு அப்சல்கானை அனுப்பியது. கான் நெடிய உடலும் பெருவலியும் படைத்தவர். அவருடன் ஏறத்தாழ 10,000 குதிரை வீரர் வந்தனர். சமவெளியில் அப்படையை எதிர்த்தல் அழிவைத் தேடிக்கொள்வதாகும். ஆகவே சிவாஜி மலையைவிட்டு இறங்கவில்லை. ஜாவளிக் காட்டில் தாம் எழுப்பிய பிரதாப்கட் கோட்டையில் தங்கி, அஞ்சியவர் போலத் தூதனுப்பிக் கானை அங்கு வரவழைத்தார். அடர்ந்த காட்டின் குறுகிய வழிகளில் குதிரைப் படையின் வலிமை குன்றியது.

நவம்பர் 10ஆம் நாள் இருவரும் கோட்டை அடிவாரத்தில் சந்தித்தனர். சிவாஜி ஆடைக்குள் இரும்புக் கவசம் அணிந்து, இடக்கையில் புலிநகம் என்னும் சிறு படைக்கலத்தை மறைத்திருந்தார். தழுவிய கான் அவரது கழுத்தை இறுக்கிக் குத்தினார் என்றும், கவசமே உயிர் காத்தது என்றும் மராட்டிய நூல்கள் கூறும். முதலில் தாக்கியவர் யார் என்பதில் எல்லா நூல்களும் ஒன்றுபடவில்லை. சிவாஜியின் செயலை வஞ்சகம் என்பாரும் உளர். தற்காப்பு என்பாரும் உளர்.

மராட்டியர் ஐரோப்பிய அலகு பொருத்திய நேரான நெடுவாளைப் பெரிதும் விரும்பினர். அதனைப் 'பிரங்கி' என்றழைத்தனர். நம் 'பறங்கி' என்னும் சொல்லும் அதன் உறவே. ஆயின் நெடுவாளை வீச இடைவெளி வேண்டும். நெருங்கிப் பற்றிய பகைவனிடம் அது பயன்படாது. அன்று கானை வீழ்த்தியது கையளவேயான புலிநகமும் குறுவாளுமே. சிவாஜியை நோக்கி வாளோங்கிய கானின் காவலனை ஜீவா மகாலா என்னும் வீரர் தடுத்து வெட்டினார். காட்டில் மறைந்திருந்த மராட்டியப் படை பாய்ந்து வென்றது. மாண்ட பகைவரின் கல்லறை அவ்வடிவாரத்தில் இன்றும் உள்ளது.

1674இல் ராய்கட்டில் முடிசூடிய சிவாஜி, 1677இல் தமிழகத்துச் செஞ்சிக் கோட்டையையும் கைப்பற்றினார். 1680இல் அவர் மறைந்தார். பின்னர் அவர் மகன் இராசாராம் 1690 முதல் மொகலாயரின் நீண்ட முற்றுகையை எதிர்த்து நிற்க அச்செஞ்சியே அரணாயிற்று.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார் திருவள்ளுவர். பகைவரின் வலியை அறிந்து, காலம் வரும்வரை பொறுத்து, தமக்கேற்ற இடத்தைத் தேர்ந்தவர் சிவாஜி. மொன்றியாலில் குறள் பயிலும் மாணவச் செல்வங்களே, பெரியவரைக் கண்டு அஞ்சவும் வேண்டா. ஆராயாது பாயவும் வேண்டா.