தோலிலும் தந்தியிலும் உயிரைத் தேடிய ராமன்



சர் சி.வி. ராமன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஒளிச்சிதறல், நோபல் பரிசு. ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிற எனக்குப் பிடித்தது இன்னொரு ராமன். மிருதங்கத்தின் மேல் மணலைத் தூவிவிட்டுக் கவனித்துக்கொண்டிருந்த ராமன்!

அவர் 1888 நவம்பர் 7-ல் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலினும் வாசிப்பார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அப்பா டேனரியில் வேலை செய்கிறார். ஆகவே ராமனோடு என்னை ஒப்பிட மாட்டேன். ஆனாலும் ஒரு விஷயம் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906-ல், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்தது. அப்போது வயது பதினெட்டு. நம்ம வயசுதான்!

1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். ஆபீசுக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி. இப்படியே பத்து வருஷம்! 1917-ல் அந்தப் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில்தான் நம் வாத்தியங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. வெறும் வட்டத் தோலைத் தட்டினால், அடிச்சுருதியோடு 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கில்லாத அதிர்வுகள் சேர்ந்து வரும். அதனால் சத்தம் கேட்கும், சுருதி கேட்காது. மிருதங்கத்தின் வலந்தலை அப்படியில்லையே, ஏன்? நடுவில் பூசிய கருப்புக் கரணைதான் காரணம். அந்தக் கனம் அதிர்வுகளை 2, 3, 4, 5 மடங்கு என்று வரிசைக்குக் கொண்டுவருகிறது. இதை ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். தோல் எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறதோ, அங்கே மணல் கோடுகளாகச் சேர்ந்து காட்டிக்கொடுத்தது.

அடுத்த வருஷம் தம்புரா, வீணை. தம்புராத் தந்திக்கும் வளைந்த குதிரைக்கும் நடுவே ஒரு நூலை வைப்பார்கள். அதற்கு ஜீவா என்று பேர். அந்த நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால், பழைய விதிப்படி வரவே கூடாத மேல்சுரங்கள்கூட பலமாக ஒலிக்கின்றன என்று ராமன் காட்டினார். வயலினை இயந்திரத்தாலேயே வாசிக்க வைத்தும் அளந்து பார்த்தார்.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு என்கிறீர்களா? லேபில் நாம் உண்டாக்கும் சதுர அலையை ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள். ஒரே ரீங்காரம்! அதில் ஒற்றைப்படை மேல்சுரங்கள் மட்டும்தான் உண்டு. அவையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவில் நிற்கும். தம்புராவிலோ ஒவ்வொரு மேல்சுரமும் தனித்தனியாக எழுந்து தனித்தனியாக அடங்கும். கீபோர்டில் பதிவு செய்த மிருதங்க அடியும் அப்படித்தான். எத்தனை தடவை அழுத்தினாலும் அதே அடி. கலைஞரின் கையில் இரண்டு அடி ஒன்றாக இருக்காது. எலக்ட்ரானிக் இசைக்கு உயிர் வரவேண்டுமானால் இந்த மாற்றங்களைத்தான் சர்க்யூட்டுக்குச் சொல்லித்தர வேண்டும்.

1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல், 1933-ல் பெங்களூர், 1948-ல் சொந்த ஆராய்ச்சி நிலையம் என்று அவர் வாழ்க்கை உயர்ந்துகொண்டே போனது. 1970 நவம்பர் 21-ல் மறைந்தார்.

நண்பர்களே, பள்ளியில் படிக்கும்போது தோல் வாடை என்று மூக்கைப் பிடித்தவர்களை எங்கள் மாதனூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். என் அப்பா கைபட்ட தோல் ஷூவாகிறது. மிருதங்கத்துக்குப் போவது பதனிடாத தோல். ஆனாலும் விரலால் தடவி, இழுத்துப் பார்த்துத் தோலை அறிகிற அறிவு இரண்டுக்கும் வேண்டும். வாத்தியம் செய்தவர்கள் கையாலும் காதாலும் கண்டதைத்தான் உலக மேதை குனிந்து உட்கார்ந்து அளந்தார். அது அறிவியல்தான் என்று உலகத்துக்குச் சொன்னார்.

சால்டரிங் அயர்னை எடுக்கும் முன், வாத்தியம் செய்கிறவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருவோம். நம் வீட்டுப் பெரியவர்களின் கைகளையும் கொஞ்சம் கவனிப்போம். அங்கேயும் பாடம் இருக்கிறது!