பைக்கைப் பிரித்துப் போட்ட விஞ்ஞானி

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு பழைய ராஜ்தூத் வண்டி நிற்கிறது. தாத்தா அதில்தான் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போய் புளி வாங்கி வருவாராம். தாத்தா இறந்த பிறகு யாரும் அதை எடுக்கல. போன மாசம் அப்பா அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடப் போவதாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் நூலகத்தில் ஜி.டி. நாயுடு பற்றிப் படித்தேன்.

ஜி.டி. நாயுடு 23.3.1893 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அது இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, எப்படி ஓடுது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். எப்படியும் அதை வாங்கணும்னு கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சுமார் மூன்று வருடம் காசு சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார்!

வாங்கியவர் ஊரைச் சுற்றி மட்டும் வரவில்லை. வண்டியை ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் போட்டார். மறுபடியும் மாட்டினார். சொல்லித்தர யாரும் இல்லை. அப்படியே மெக்கானிக் ஆகிவிட்டார்.

1920ல் ஒரே ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். 1933ல் அவருடைய யு.எம்.எஸ். கம்பெனியில் 280 பஸ்கள் இருந்தன. 1937ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1945ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார். மூன்றாம் வகுப்பு படித்தவர் கல்லூரி தொடங்கினார் என்றால் சும்மாவா? 4.1.1974ல் காலமானார். இன்று கோவையில் ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பார்க்க எவ்வளவோ பேர் வருகிறார்கள். அந்த வண்டிகளையும் யாராவது இரும்புக் கடைக்குப் போட்டிருந்தால்?

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். பொம்பளப் பிள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு என்று பெரியம்மா திட்டினார். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் டப்பாவை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்தோம். சங்கிலிக்கு எண்ணெய் விட்டோம். எத்தனை தடவை உதைத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகல. கார்புரேட்டரில் அடைப்பு இருக்கும், அடுத்த வாரம் பிரிக்கலாம் என்றார் அப்பா.

இரும்புக் கடைப் பேச்சு இப்போது வீட்டில் இல்லை. வருகிற ஆயுத பூஜைக்கு தாத்தா வண்டிக்கும் பொட்டு வைப்போம்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் ஓடாத பழைய வண்டி இருந்தால் உடனே விற்காதீர்கள். ஒருதடவை பிரித்துப் பாருங்கள்!