லயோலாவின் கணித ஆசான்

பிரெஞ்சு நாட்டில் 1897ஆம் ஆண்டு பிறந்த சார்லஸ் ராசீன், இயேசு சபைத் துறவி. பாரிசில் எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்து, பொதுச் சார்பியல் குறித்த ஆய்வேட்டிற்கு 1934இல் முனைவர் பட்டம் பெற்றார்.

கார்த்தான், வளைந்த வெளிகளின் சமச்சீர்மையை ஆராய்ந்த பேரறிஞர். அவர் காட்டிய வழி ஒன்றைப் பள்ளி மாணவரும் உணரலாம். எங்கும் குதிரைச் சேணம்போல் வளைந்து, துளையும் விளிம்பும் இன்றி விரிந்த வெளியில் சில புள்ளிகளைக் குறித்துக்கொள்வோம். ஓரிடத்திலிருந்து அப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் உள்ள தொலைவின் வர்க்கத்தைக் கண்டு கூட்டுவோம். இடம் மாற மாற இக்கூட்டுத்தொகையும் மாறும். அது ஒரு குவிவுச் சார்பு. கிண்ணத்தைப் போன்ற அதற்கு அடிப்புள்ளி ஒன்றே உண்டு. தொலைவுகளை மாற்றாத சமச்சீர் இயக்கங்கள், குறித்த புள்ளிகளைத் தமக்குள் இடம் மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை. எனவே அடிப்புள்ளியும் அசைவதில்லை. பந்தின் பரப்பில் இவ்வாதம் செல்லாது. அங்கு இரு துருவங்களைக் குறித்தால், நடுக்கோடு முழுவதுமே அடியாகிவிடும்!

இத்தகைய கணிதச் சூழலில் வளர்ந்த ராசீன் 1937இல் இந்தியா வந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றி, 1939இல் சென்னை லயோலா கல்லூரியை அடைந்தார். அந்நாளில் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் முறையைப் பின்பற்றியது. கடினமான கணக்குகளை விரைந்து செய்வதே தேர்ச்சி எனக் கருதப்பட்டது. ராசீனின் வகுப்போ தேர்வுக்கு ஏற்ற ஒழுங்கில் அமைந்ததன்று. மதிப்பெண் நாடியோர்க்கு அது குறையே. ஆயினும் ஐரோப்பாவில் அன்று எழுந்த புதிய கருத்துகள் அவ்வகுப்பின் வழியாகவே பலரை எட்டின. திறமிக்க மாணவரை அவர் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற்குச் செல்லத் தூண்டினார்.

அவ்வாறு 1953இல் சென்றோர் இருவர்: வடாற்காட்டுத் தண்டரைச் சிற்றூரைச் சேர்ந்த எம்.எஸ். நரசிம்மன், காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி. இருவரும் இணைந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் உலகப் புகழ் பெற்றது. பின்வந்தோர் அதை விரித்து விளக்கியபோது, சமச்சீர் வெளிமேல் அமைந்த குவிவுச் சார்பு மீண்டும் துணைநின்றது. அவர்களுக்குப் பின், 1957இல், சி.பி. இராமானுஜமும் ராசீனின் ஊக்குவிப்பால் அந்நிறுவனத்தில் சேர்ந்தார்.

ராசீனின் பெயரால் வழங்கும் பெருந்தேற்றம் எதுவும் இல்லை. 1967இல் ஓய்வு பெற்ற அவர், 1976இல் மறைந்தார்.