சிஸ்டர் சுப்புலட்சுமி

நம்ம காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஹெச்.எம். அம்மா என்றால் இன்று யாருக்கும் அதிசயமில்லை. விதவை தெருவில் வந்தாலே முகம் சுளித்த காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் சிஸ்டர் சுப்புலட்சுமி.

1886-இல் மயிலாப்பூரில் பிறந்தார். விளையாடுகிற வயசில் கல்யாணம். கொஞ்ச காலத்திலேயே கணவர் போய்விட்டார். அப்பா அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார். 1911-இல் பிரசிடென்சி கல்லூரியில் பி.ஏ.! சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை இவர்தான்.

பட்டம் வாங்கினால் நிர்வாகம் வந்துவிடுமா? அதை எழும்பூர் வீட்டில்தான் கற்றார். தன்னைப் போன்ற நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, அவரும் விதவையான சித்தியின் துணையோடு, பாடம், சாப்பாடு, வரவு செலவு எல்லாம் பார்த்தார். ஊர் ஏசியது. மிஸ் லிஞ்ச் என்ற பள்ளி ஆய்வாளர் கைகொடுத்தார். கூட்டம் பெருகி, கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறினார்கள்.

1922-இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு இவரே முதல் பிரின்ஸிபால். கூடவே ஒரு பயிற்சிப் பள்ளி. நிஜப் பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்திக் காட்டணும். நமக்கு ஒர்க்‌ஷாப் மாதிரிதான். லேத்தை நோட்டில் வரைந்தால் போதுமா? ஐஸ் ஹவுஸ் பெண்கள் பலர் டீச்சராகி சொந்தச் சம்பளம் வாங்கினார்கள்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும்: அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். ஆனால் நடுக்குப்பம் மீனவர்களுக்குப் பள்ளி வைத்தவரும் இவரே.

1958-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969-இல் காலமானார். கல்லூரி இன்றும் ஐஸ் ஹவுஸ் பக்கத்திலேயே நடக்கிறது.