அண்டத்தின் வயதோடு போராடிய குருவானவர்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே பணி தொடங்கிய ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி, வானசாஸ்திரிகளைத் திகைக்க வைத்தது. அண்டம் தோன்றி எழுபது கோடி ஆண்டுகளும் நிறையாத காலத்திலேயே, பெருந்திணிவு படைத்தனவாகத் தோன்றும் விண்மீன் மண்டலங்கள் அதன் படங்களிலே தென்பட்டன. இத்துணை விண்மீன்களைத் திரட்டிக்கொள்ள அவற்றுக்குக் காலம் எங்கிருந்து கிடைத்தது? அண்டவியலின் நியமக் கொள்கையே தகர்ந்ததெனப் பறைசாற்றியோரும் உளர்.

ஆயின், காலம் போதாமை அக்கொள்கைக்கு உடன்பிறந்த நோய். அதற்கு முதன்முதல் மருந்து தேடியவர், பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க குருவானவர் ஜோர்ஜ் லெமேத்ர்.

1894இல் சார்லெரோய் நகரிலே பிறந்தார். பொறியியல் கற்கப் புகுந்தவரை முதலாம் உலகப்போர் பீரங்கிப் படைக்கு இழுத்துச் சென்றது. வீரப்பதக்கத்துடன் மீண்டவர் கணிதத்தையும் பௌதிகத்தையும் நாடினார். 1923இல் குருப்பட்டம் பெற்று, கேம்பிறிட்ஜிலே எடிங்டனிடமும் பின்னர் அமெரிக்காவிலும் பயின்று, லூவேன் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார்.

ஐன்ஸ்ரைனின் சமன்பாடுகளின்படி அண்டம் விரிகின்றது. தொலைவு மிக மிக விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகமும் மிகும். இதனை 1927இல் எழுதிய கட்டுரையில் நிறுவிய லெமேத்ர், விரிவின் வீதத்தையும் கணித்தார். பிரசல்ஸ் சஞ்சிகையொன்றிலே பிரெஞ்சு மொழியில் வந்த அதனைக் கவனிப்பாரில்லை. ஐன்ஸ்ரைனோ, கணக்கிற் பிழையில்லையெனினும் பௌதிகம் சகிக்கவொண்ணாததென நேரிலேயே கூறிவிட்டார். 1929இல் ஹபிள் தம் அவதானங்களை வெளியிட, புகழ் அவரைச் சேர்ந்தது. 1931இல் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தபோது வீதக் கணிப்புப் பகுதியை நீக்கியவரும், மொழிபெயர்த்த லெமேத்ரே! கைக்கெட்டிய புகழைத் தாமே நழுவவிடுவார் உலகிற் சிலரே. அவ்விதியோடு அவர் பெயரையும் சேர்த்து வழங்குமாறு சர்வதேச வானியற் சங்கம் பரிந்துரைத்தது 2018இலேதான்.

அதே 1931இல், அண்டம் முழுவதும் ஓர் ஆதியணு சிதறியதால் விளைந்தது என்னும் கருத்தை வெளியிட்டார். இங்கேதான் இடர் தலைதூக்கியது. அக்கால அளவீடுகளின்படி அண்டத்தின் வயது ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகளே. பூமியின் பாறைகளே ஏறக்குறைய அவ்வளவு பழைமையுடையன. விண்மீன்களோ அவற்றினும் மிக மூத்தவையெனக் கருதப்பட்டன. தாயினும் மகள் மூத்தவளாதல் கூடுமோ?

ஐன்ஸ்ரைன் தாமே புகுத்திப் பின்னர் கைவிட்ட அண்டவியல் மாறிலியை லெமேத்ர் விடாது பற்றிக்கொண்டார். அண்டம் முதலில் விரைந்து விரிந்தது. இடையிலே நெடுங்காலம் தயங்கியது. பின் மீண்டும் விரைந்தது. அத்தயக்க காலத்திலே வாயு திரண்டு விண்மீன் மண்டலங்கள் உருவாயின என்றார். 1950களிலே தொலைவுக் கணக்குகள் திருத்தப்பட, அண்டத்தின் வயது நீண்டது. தயக்க காலம் வேண்டாததாயிற்று. மாறிலியோ, விரிவு விரைவடைகின்றதென்று 1998இல் அறியப்பட்டதும் உயிர்த்தெழுந்தது. வயதை 1380 கோடி ஆண்டுகளெனக் கூறும் இன்றைய நியமக் கொள்கைக்கு அஃதின்றி நிலையில்லை.

வெப் கண்ட மண்டலங்கள்மீதும் இத்தகைய விசாரணையே நடைபெறுகின்றது. சிலவற்றின் ஒளியில் ஒரு பங்கு கருந்துளையைச் சூழ்ந்த வாயுவினது எனக் கண்டு, திணிவைக் குறைத்துள்ளனர். எனினும் ஒளிமிக்கவை எதிர்பார்த்ததினும் பலவாகவே உள்ளன. 2024இல் அறிவிக்கப்பட்ட ஒன்று, அண்டம் தோன்றி முப்பது கோடி ஆண்டளவிலேயே ஒளிர்ந்தது. விண்மீன்கள் பிறந்த வேகம்பற்றிய கணக்குகளே இப்போது முதலில் திருத்தப்படுகின்றன; விரிவை எவரும் எளிதிற் கைவிடத் துணியவில்லை.

லெமேத்ருக்குச் சங்கடம் தம் திருச்சபையிலிருந்தும் வந்தது. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், அண்டத்தின் தொடக்கம்பற்றிய விஞ்ஞானத்தைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துரைத்தார். மகிழ்ந்திருக்க வேண்டிய குருவானவர் மகிழவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விக்கு அப்பாற்பட்டது. நாளை அது பிழைப்பினும் விசுவாசத்துக்கு ஊறு நேராது என்பது அவர் நிலை.

ஆதியணுவின் எச்சம் அண்டக் கதிர்களே என்று அவர் நம்பியது பொருந்தவில்லை. உண்மையான எச்சமாகிய நுண்ணலைக் கதிர்வீச்சு 1965இல் அறிவிக்கப்பட்டது. நோயுற்றிருந்த லெமேத்ருக்கு அச்செய்தியை அவருடைய பழைய உதவியாளர் கொண்டுசென்று சொன்னார். 1966 யூன் 20ஆந் திகதி லெமேத்ர் காலமானார்.