பிழையையும் அளந்த மகலனோபிஸ்

1893-இல் கொல்கத்தாவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்ற பிரசாந்த சந்திர மகலனோபிஸை இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பியாகவே நினைவுகூர்கிறோம். அளவீட்டுப் பிழையோடு அவர் நடத்திய நெடும் போராட்டமே என் பார்வையில் பெரிது.

குடும்ப வருமானத்தைக் கொண்டு உணவுச் செலவை மதிப்பிடுவதாகக் கொள்வோம். கேட்டு எழுதிய வருமானம் கூடியும் குறைந்தும் பிழைபட்டிருந்தால், தொடர்புப் போக்குக் கோட்டின் சாய்வு உண்மையைவிடக் குறைந்துவிடும். வலுவான உறவும் மெலிந்து தோன்றும். மாதிரியைப் பெருக்கினாலும் அக்குறை தீராது. செலவில் நேரும் இத்தகைய பிழையோ சாய்வை ஒரு பக்கமாகத் திரிப்பதில்லை. என் மாணவர்கள் ஆண்டுதோறும் தடுமாறிய இடம் இது.

ஆகவே பிழையின் அளவை அறிவது முதற்கடமை. 1937-இல் தொடங்கிய வங்காளச் சணல் பரப்பு ஆய்வுகளில் மகலனோபிஸ் அதற்கு வழி கண்டார். ஒரே பகுதியில் இரு துணை மாதிரிகளை எடுத்து, தனித்தனியே இயங்கும் இரு குழுக்களிடம் ஒப்படைத்தார். எதிர்பார்த்ததைவிட விடைகள் விலகியபோது களப்பணியின் பிழை வெளிப்பட்டது. 1950-இல் அவர் முயற்சியால் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் இம்முறையைக் கைக்கொண்டது. நாட்டின் வறுமைக் கணக்குகள் அவ்வாய்விலிருந்தே பிறந்தன. இரு குழுக்களிடமும் ஒரே பொய்யைச் சொல்லும் குடும்பத்தை மட்டும் இம்முறையால் பிடிக்க இயலாது.

1972 ஜூன் 28-இல், தமது 79-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அவர் மறைந்தார்.