லண்டனைக் காத்த சாக்கடை என்ஜினீயர்

1858-ம் ஆண்டு கோடைக்காலம். லண்டன் மாநகரமே நாறியது!

தேம்ஸ் நதிக்கரையில் இருந்த பார்லிமெண்டில் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. குளோரின் சுண்ணாம்பு நீரில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டார்கள். அப்படியும் நாற்றம் போகவில்லை.

அந்த நாற்றத்தைப் போக்கி, நகரத்தைக் காத்தவர் ஜோசப் பேசல்ஜெட்.

இவர் 1819-ம் ஆண்டு, லண்டனை அடுத்த என்பீல்டில் பிறந்தார். என்ஜினீயர் தொழில் கற்று, ரெயில் பாதை வேலைகளில் அனுபவம் பெற்றார். 1856-ல் லண்டன் நகரப் பணி வாரியத்தின் தலைமை என்ஜினீயர் ஆனார்.

ஒன்றைத் திருத்த இன்னொன்று கெட்டது

முன்பு லண்டன் வீடுகளில் மலக்குழிகள் இருந்தன. 1848-க்குப்பின் அவற்றை மூடச் செய்து, கழிவைச் சாக்கடையில் விடச் சொன்னார்கள். வீடு சுத்தமானது. ஆனால், சாக்கடைகள் எல்லாம் தேம்ஸ் நதியில் போய் விழுந்தன. அந்த நதித் தண்ணீரைத்தான் பலர் குடித்தார்கள்!

விளைவு? 1848-49-ல் சுமார் 14 ஆயிரம் பேரும், 1853-54-ல் 10 ஆயிரம் பேருக்கு மேலும் காலராவுக்குப் பலியானார்கள்.

வீடு, தெரு, நதி, குடிநீர் நான்கும் ஒரே சங்கிலி. ஒரு கண்ணியை மட்டும் திருத்தினால் போதாது. எனவே, ஊர் முழுவதையும் பேசல்ஜெட் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்.

பூமிக்குள் 82 மைல்

பூமிக்கு அடியில் 82 மைல் நீளத்துக்குப் பெரிய சாக்கடைகளைக் கட்டினார். இவை தெருச் சாக்கடைகளை வழிமறித்து, கழிவை ஊருக்குக் கிழக்கே கொண்டுபோயின. மைலுக்கு 2 அடி சரிவு வைத்ததால், கழிவு தானாகவே ஓடியது. தாழ்வான இடங்களில் ராட்சத நீராவி எந்திரங்கள் அதை மேலே தூக்கிவிட்டன. மொத்தம் செலவான செங்கற்கள் சுமார் 31 கோடியே 80 லட்சம்!

நதி ஓரத்தில் விக்டோரியா கரையையும் கட்டினார். அதற்குள் சாக்கடை, பாதாள ரெயில், மேலே சாலை! 1870-ல் அது திறக்கப்பட்டது.

1866-ல் மீண்டும் காலரா வந்தது. கிழக்கு லண்டனில் மட்டும் 5 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். புதிய சாக்கடை வேலை அந்தப் பகுதியில்தான் இன்னும் முடியாமல் இருந்தது! வேலை முடிந்தபின் லண்டனில் அப்படிப்பட்ட காலரா வரவில்லை.

ஒரு குறை மிஞ்சியது. ஊரைத் தாண்டிய கழிவு, கிழக்கே தேம்ஸ் நதியிலேயே விடப்பட்டது. அங்கே நதி கெட்டது. 1887 முதல் கழிவின் கசடைப் பிரித்து, கப்பலில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள்.

பேசல்ஜெட் 1891-ல் காலமானார். பெருகிவிட்ட மக்களுக்காக, 25 கிலோ மீட்டர் நீளப் புதிய சுரங்கம் 2025-ல் முழுமையாக இணைக்கப்பட்டது. அவர் கட்டிய சாக்கடைகளோ இன்றும் லண்டனின் கழிவைச் சுமந்து ஓடுகின்றன!